தோழரைப் பிடித்த இத்தாலிச் சனி

என் கணவர் தம்முடைய ஜாதகத்தை மேடையில் எரித்த அன்று நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன். அப்போது அவர் என் கணவராகவில்லை; வெறும் அத்தை மகன். மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், ஒரு மளிகைக் கடையின் மாடியில், சீர்திருத்தக்காரர்களின் படிப்பகம் இருந்தது. ஒரு பக்கம் பிள்ளையார் கோயில், கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல், நடுவில் இவர்கள். கோயில் மணியும் பாங்கும் ஓய்ந்திருக்கும் இடைவெளியில் கடவுள் இல்லை என்று நிரூபிப்பார்கள். மணி அடித்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம், குரல் எடுபடாது, அவ்வளவுதான்.

அத்தான் அந்தப் படிப்பகத்தின் செயலாளர். பகலில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், ரப்பர் கடையில் கணக்கெழுதும் கிராணி வேலை, மாலையில் மூடநம்பிக்கை ஒழிப்பு. எரிகிற தாளைத் தூக்கிக் காட்டி, "இனி என் விதி என் கையில்" என்றார். கையில்தான் இருந்தது, விரல் சுட்டுவிட்டது. ஒரு வாரம் நான்தான் மருந்து போட்டேன்.

அந்த ஜாதகத்தை எழுதி வாங்கியவர் என் அப்பா. அப்பா ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருந்தவர். என்னைப் பெற்ற கையோடு என் அம்மா இறந்துவிட்டார். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, என்னையும் தம் மகனையும் ஒரே பாயில் போட்டு வளர்த்தார். அத்தையின் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் இழுத்துப் போனான், அவர் திரும்பவில்லை. அதே ஜப்பான்காரன் காலத்தில் அத்தையும் காய்ச்சலில் போய்ச் சேர, எங்கள் இரண்டு பேருக்கும் அப்பா ஒருவர்தான் மிச்சம். மரவள்ளிக்கிழங்கை அவித்து, பெரியதை எங்களுக்கும் தோலோடு ஒட்டியதைத் தமக்கும் வைத்துக்கொண்டு வளர்த்தார்.

சின்ன வயதில் அம்மா இல்லை என்று நான் அழும்போதெல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொல்வார். "உனக்கென்ன பாப்பா குறை? லக்னத்திலேயே குரு உக்காந்திருக்காரு. அவரு பார்த்துக்குவாரு." லக்னம் என்பது வீட்டில் ஏதோ ஓர் அறை என்றும், குரு அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு தடித்த மாமா என்றும் நினைத்து மேசைக்கடியில்கூடத் தேடியிருக்கிறேன்.

அத்தானை நான் கட்டிக்கொள்வதில் அப்பாவுக்கு ஆட்சேபம் இல்லை. அக்கினிக்கு இரையான ஜாதகத்தைக்கூட விழுங்கிக்கொண்டார். ஆனால் ராகு காலத்தில்தான் கல்யாணம் என்று அத்தான் நோட்டீஸ் அடித்ததும் முகம் மாறிவிட்டது. "கட்டிக்கோ. நல்ல நேரத்துல கட்டிக்கோ. நான் கேக்குறது இது ஒண்ணுதான்" என்றார். அது கொள்கை, மாற்ற முடியாது என்றார் அத்தான். நான் கொள்கையின் பக்கம் நின்றேன். கொள்கைக்கு அப்போது சுருட்டை முடியும் நல்ல குரலும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலை, படிப்பகத்தில், தலைவர்கள் பேசி வாழ்த்த, தாலியில்லாமல் மாலை மாற்றிக்கொண்டோம். அப்பா வரவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருடம் அப்பா எங்களோடு பேசவில்லை. அவர் துக்காங் எமாஸ் தெருவிலேயே ஒரு நகைக்கடையின் பின்கட்டில் அறை எடுத்துத் தங்கிவிட்டார். நாங்கள் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குள் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்குப் பிடித்தோம். சைக்கிளில் போனால் வியர்ப்பதற்குள் வந்துவிடும் தூரம். பாசாரில் என்னைக் கண்டால் அப்பா உடனே கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பி ஆராய ஆரம்பித்துவிடுவார். ஒரு காயையும் வாங்க மாட்டார். அத்தானோ மேடைக்கு மேடை எங்களையே உதாரணமாகக் காட்டினார். "ராகு காலத்தில் மணம் முடித்தேன், எனக்கு என்ன கெட்டுப்போனது?" என்று கேட்பார். கூட்டம் கைதட்டும். எனக்கு என்ன கெட்டுப்போனது என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடத்தில் நான் உண்டானேன். மகிழ்ச்சிதான். ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பிரசவத்தில் செத்தவளின் மகள் நான். இதை யாரிடம் சொல்வது? அத்தானிடம் சொன்னால் புள்ளிவிவரம் சொல்வார். எனக்குப் புள்ளிவிவரம் வேண்டாம், அப்பா வேண்டும். வலி வரும்போது கதவுக்கு வெளியே அவர் நிற்க வேண்டும், இருமல் சத்தமாவது கேட்க வேண்டும். அத்தானைக் கெஞ்சினேன். "நீங்க ஒரு தடவை போய் வாசல்ல நின்னா போதும்."

"போய் என்ன சொல்றது? மன்னிப்பா? பகுத்தறிவுக்கு யாராச்சும் மன்னிப்புக் கேப்பாங்களா?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலி எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஊருக்கு மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாச் சாமான்களை லேலோங்கில் ஏலம் விட்டார்கள். தொட்டில் ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள் என்று அத்தானை அனுப்பினேன். சைக்கிளின் பின்னால் ஒரு பெட்டிப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். தொட்டில் எங்கே என்றேன். "புள்ள தரையில படுக்கும். அறிவு தரையில கெடக்கலாமா?" என்றார்.

பெட்டியில் பாதி கரையான். மிச்சத்தில் கனமான அட்டையோடு ஒரு புத்தகம். பல நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த ஒரு பாதிரியார் லத்தீனில் எழுதியது. அதை நம் காலத்துப் பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, பக்கத்துக்குப் பாதி அடிக்குறிப்பு போட்டிருந்தார். கிரேக்க ஞானிகளின் தத்துவத்தில் ஆரம்பித்து, கோள்களின் நல்ல குணங்களை மூலிகை, உலோகம், வாசனை, பாட்டு ஆகியவற்றால் கீழே இழுத்துக்கொள்வது எப்படி என்பதில் முடியும் புத்தகம். அத்தானுக்கு ஒரே கொண்டாட்டம். நம்மை மூடர் என்ற வெள்ளைக்காரனின் பாட்டனும் மூடன்தான் என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? தமிழில் பெயர்த்துப் படிப்பகத்தில் தொடர் சொற்பொழிவு ஆற்றுவதாக அறிவித்துவிட்டார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கான்வென்டில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் அவர் தடுமாறும் இடத்தில் நானும் எட்டிப் பார்ப்பேன்.

சும்மா சொல்லக் கூடாது, படிக்க நன்றாகவே இருந்தது. எல்லாம் ஒன்றிலிருந்து வழிகிறது என்றார் பாதிரியார். அந்த ஒன்றிலிருந்து பேரறிவு, பேரறிவிலிருந்து உலகம் முழுவதற்குமான ஓர் உயிர், அந்த உயிரிலிருந்து மண்ணும் மரமும் மனிதனும். அதனால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே குடும்பம். ஒரு வீணையின் தந்தியைத் தட்டினால் பக்கத்து வீணையில் அதே தந்தி அதிரும் அல்லவா, அப்படித்தான் பொன்னும் தேனும் குங்குமப்பூவும் சூரியனுக்குப் பதில் சொல்லும். உரிய நேரத்தில் உரிய பொருளைக் கையில் எடுத்தால் வானமே இறங்கி வரும்.

"இதத்தான் பிள்ளையார் கோயில் குருக்களும் சொல்றாரு. சனிக்கெழம எள்ளு வெளக்கு போடச் சொல்றாரே" என்றேன்.

"அது மூடநம்பிக்கை. இது தத்துவம்."

"என்ன வித்தியாசம்?"

பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். "இதுல அடிக்குறிப்பு இருக்கு."

பாதிரியாரைப் பற்றி ஒன்று கவனித்தேன். திருச்சபைக்குப் பயந்துகொண்டே எழுதியிருக்கிறார். ஒரு மந்திரத் தகட்டைப் பற்றி நாலு பக்கம் நாவூற வர்ணித்துவிட்டு, நான் இதைப் பரிந்துரைக்கவில்லை, பழையவர்கள் சொன்னதைச் சொல்கிறேன் என்று முடிப்பார். ஆங்கிலத்தில் பெயர்த்த பேராசிரியரும் அப்படியே: இதை வரலாற்று ஆர்வத்தால் மட்டுமே வெளியிடுகிறேன் என்று முன்னுரையில் மூன்று இடத்தில் சத்தியம் செய்கிறார். அத்தான் தம் பங்குக்கு, பகுத்தறிவாளர் எள்ளி நகையாடுவதற்காகத் தமிழில் தரப்படுகிறது என்று முதல் பக்கத்தில் எழுதச் சொன்னார். மூன்று பேரும் கையை உதறிக்கொண்டே மூன்று மொழியில் இந்தச் சரக்கைக் கடத்திக்கொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் இறக்கிவிட்டார்கள்.

சிக்கல் படிப்பாளிகளைப் பற்றிய அத்தியாயத்தில் வந்தது. ஓயாமல் சிந்திக்கிறவர்கள் சனியின் பிள்ளைகள் என்கிறது புத்தகம். உடம்புக்கும் உயிருக்கும் நடுவே மெல்லிய ஆவி ஒன்று ஓடுகிறது. சிந்திக்கச் சிந்திக்க அது காய்ந்துபோகிறது. கரும்பித்தம் கூடுகிறது. தூக்கம் கெடும், முதுகு வலிக்கும், காரணமில்லாத சோகம் வரும். ஆனால் மேதைகளும் சனியிடமிருந்துதான் வருகிறார்கள். அத்தான் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் பேனாவோடு காத்திருந்தேன். அந்தப் பத்தியை இன்னொரு தடவை விரல் வைத்துப் படித்துவிட்டு, "இந்த ஆளுக்கு என்னைய எப்பிடித் தெரியும்?" என்றார்.

அவருக்கு முதுகு வலித்தது உண்மை. ரப்பர் கடையில் முதுகில்லாத முக்காலியில் உட்கார்ந்து எழுதினால் யாருக்கும் வலிக்கும். ஆனால் முக்காலிக்குப் பதிலாகச் சனி என்று சொன்னால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா? மூடநம்பிக்கை ஒழிப்பின் செயலாளரைச் சனி பிடித்துக்கொண்டது. அதுவும் இத்தாலிச் சனி.

முதலில் ஞாயிறுதோறும் மஞ்சள் சட்டை. பிறகு வெறும் வயிற்றில் தேனும் லவங்கப்பட்டையும். பொன்னின் குணம் உடம்பில் ஏற வேண்டும் என்று ஒரு நாள் என் கம்மலைத் தேத்தண்ணீரில் ஊறப் போட்டுக் குடித்தார். தொண்டையில் சிக்கியிருந்தால் படிப்பகத்தில் இரங்கல் கூட்டத்தில் என்ன சொல்லியிருப்பார்களோ. பாதிரியார் யாழ் மீட்டிச் சூரியனைப் பாடுவாராம். மலாக்காவில் யாழ் கிடைக்காததால் அத்தான் ஒரு புல்புல்தாரா வாங்கிக் கிழக்கு ஜன்னலில் உட்கார்ந்து காலையில் மீட்டினார். வானம் இறங்கி வந்ததோ இல்லையோ, பக்கத்து வீட்டுக் கோழிகள் இடம் மாற்றி முட்டையிட்டன.

வியாழனின் குணம்தான் சனிக்கு மாற்று என்று புத்தகம் சொன்னதால், வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் பாசாரில் வாங்கிய சாம்பிராணியைத் தணலில் போட்டார். எங்களுக்கு வீடு விட்டிருந்த, பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டி அம்மாளுக்குத் தமிழ் இரண்டு சொல் மூன்று சொல்தான் தெரியும். வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது கெபாயா, கும்பிடுவது நம் சாமி. நாங்கள் மக்சிக், அதாவது சின்னம்மா, என்று கூப்பிடுவோம். நாலு வருடமாக இந்த வீட்டில் விளக்கில்லை, படமில்லை, செத்துப்போன பெரியவர்களுக்கு ஒரு படையல்கூட இல்லை என்று அவருக்கு மனத்தாங்கல். அன்று வாசனை அவர் பக்கம் போனதும் ஓடி வந்தார். "சுடா பண்டாய் செம்பாயாங்!" என்று அத்தானைப் பார்த்துக் கூவினார். கும்பிடக் கற்றுக்கொண்டாரே என்று அர்த்தம். கண் கலங்கிவிட்டது அவருக்கு. இது வழிபாடு இல்லை, வியாழக் கோளின் ஒத்ததிர்வு என்று அத்தான் மலாயில் விளக்கப் பார்த்தார். மலாயில் அதற்குச் சொல் இல்லை. தமிழிலும் அவர் அன்றுதான் செய்திருந்தார். மக்சிக் தலையாட்டிவிட்டு உள்ளே போய், பெரியவர்களுக்குப் படைக்க என்று ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டு வந்து வைத்தார். அதைத் தின்பதில் அத்தானுக்குக் கொள்கைச் சிக்கல் எதுவும் வரவில்லை.

அடுத்து, கோள்கள் எந்த நாளில் எங்கே நிற்கின்றன என்று தெரிய வேண்டியிருந்தது. வெள்ளைக்காரக் கணக்குப் புத்தகம் மலாக்காவில் யாரிடமும் இல்லை. பஞ்சாங்கம் இருந்தது. எந்தத் தெருவில் நின்று பஞ்சாங்கத்தைக் கிழிக்கச் சொன்னாரோ அதே தெருவில், சீர்திருத்தப் பத்திரிகைக்குள் மறைத்து ஒரு பஞ்சாங்கம் வாங்கி வந்தார். அங்கேயே ஓர் ஆசாரியிடம் போய், புத்தகத்தில் வியாழனுக்குச் சொன்னபடி சிம்மாசனத்தில் ஒரு ராஜா, பக்கத்தில் கழுகு, இப்படி வெள்ளித் தகட்டில் செதுக்க முடியுமா என்று கேட்டாராம். ஆசாரி, "பிள்ளையார் அச்சு தயாரா இருக்கு தோழர், அடிச்சுத் தரட்டுமா?" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு ஆசாரி மேல் கோபம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு குலுங்க, உள்ளே இருந்த பிள்ளையும் உதைத்தது.

தகடு செதுக்க நேரம் குறிக்க வேண்டும். நேரம் குறிக்க, அணிகிறவர் பிறந்த நேரம் வேண்டும். இங்கே வந்து வண்டி நின்றுவிட்டது. பிறந்த நேரம் எழுதியிருந்த ஒரே தாளைத்தான் தம் கையாலேயே எரித்திருந்தாரே. அத்தையும் இல்லை, அத்தையின் புருஷனும் இல்லை. அத்தை பிரசவித்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். தாய்மாமன்.

அந்த ஆகஸ்டு மாதம் முழுக்க வானொலி ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் நாடு பிறக்கும். அத்தான் வானொலிப் பெட்டிக்கு முன்னால் தாடையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒரு நாட்டுக்கே பொறந்த நேரம் நிமிஷம் பிசகாமத் தெரியுது. எனக்குத் தெரியல" என்றார். அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே எனக்கு ஒரு கணக்கும் ஓடியது. கொள்கைக்காகப் போக மாட்டேன் என்றவர், கோளுக்காகப் போவார்.

"அப்பாவைப் போய்க் கேளுங்க. நானும் வர்றேன்" என்றேன்.

"ஆராய்ச்சிக்காகத்தான்" என்றார்.

"ஆராய்ச்சிக்காகத்தான், தோழர்" என்றேன். கல்யாணமான புதிதில் தம்மைத் தோழர் என்று கூப்பிடச் சொன்னவர் அவர். சமையற்கட்டிலிருந்து 'தோழர், உப்புப் போதுமா' என்று ஒரு நாள் கேட்டேன், அத்தோடு விட்டுவிட்டார். அதன் பிறகு குத்துவதற்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டேன்.

நாடு பிறந்து, தெருவில் கொடிகள் இன்னும் இறங்காத ஒரு ஞாயிறு காலையில் அப்பாவின் அறை வாசலில் போய் நின்றோம். அத்தான் மஞ்சள் சட்டையில். அப்பா கைலியோடு கதவைத் திறந்தார். முதலில் என் வயிற்றைப் பார்த்தார். இங்கே ஆராயக் கத்திரிக்காய் இல்லை. "உக்காரு" என்றார் என்னிடம். அறையில் ஒரே ஒரு நாற்காலி. அத்தான் நின்றார்.

"மாமா, நான் பொறந்த நேரம் வேணும்."

"எதுக்கு? மறுபடியும் எரிக்கவா?"

அத்தான் விளக்கினார். ஒன்று, பேரறிவு, உலக உயிர், கரும்பித்தம் எல்லாம் சொன்னார். மேடையில் பேசுவதைவிட நன்றாகவே பேசினார். அப்பா டிரெஸ்ஸர் நோயாளியைக் கேட்பதுபோல் முழுவதும் கேட்டார்.

"அப்போ ஒன்னய சனி புடிச்சிருக்குன்னு சொல்ற."

"இது வேற மாமா. இத்தாலி."

"இத்தாலியில சனி வேறயா?"

"அதே சனிதான். ஆனா அணுகுமுறை வேற."

அப்பாவின் உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பிறகு அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நேரம் எனக்குத் தெரியாதுடா."

"நீங்கதானே மாமா பக்கத்துல இருந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன். ஒங்கம்மாவுக்கு ரத்தம் நிக்கல. தோட்டத்துத் தொரையோட கார் கேட்டு ஆள் அனுப்புனேன், வரல. ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சிக்கிட்டே இருந்தேன். செவுத்துல கடிகாரம் தொங்குச்சு. எவன் பார்த்தான்? ஒன் அழுகையே எனக்குக் காதுல விழல. அவ கண்ண தொறந்து, என்ன புள்ளன்னு கேட்டப்பதான் ஒன்னய திரும்பிப் பார்த்தேன்."

அத்தான் இதை அதுவரை கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"அப்போ அந்த ஜாதகம்?"

"ஜோசியரு நேரம் கேட்டாரு. எது சொன்னா நல்லா இருக்கும்னு அவர்கிட்டயே கேட்டு அதையே சொன்னேன். நீ மேடையில எரிச்சது என் பொய்யத்தான். அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. வருத்தம் கொஞ்சம் இருந்துச்சு, போயிருச்சு. ஆனா ராகு காலத்துல என் புள்ள கழுத்துல மாலைய போட்ட பாரு. ஆத்தா இல்லாத புள்ளடா அவ. ஒரு நல்ல நேரத்தயாச்சும் குடுத்து அனுப்பணும்னு நெனச்சேன். அது கூட என்னால முடியல."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது.

"அப்பா, ராகு காலத்துல மாலை மாத்தல."

இரண்டு ஆண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"தலைவருங்க எல்லாரும் வாழ்த்திப் பேசுனாங்க. பேசுனாங்க, பேசுனாங்க, பொழுதே போயிருச்சு. கடைசி ஆளு முடிக்கும்போது பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டாங்க. அது ஓயற வரைக்கும் மாலைய கையில புடிச்சிக்கிட்டே நின்னோம். அப்புறந்தான் போட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சூரியன் விழுவதோடு முடிகிறது. மாலைப் பாங்கு சூரியன் விழுந்த பிறகுதான் வரும். இது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த மாடியில் அன்று இருந்த வேறு யாருக்கும் தெரியாது. ராகு காலம் எப்போது முடியும் என்று கவலைப்படுகிறவர்கள் அங்கே வருவதில்லை. அத்தானின் மேடைப் பேச்சு பொய்யாகிவிடுமே என்று நாலு வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை.

"என்ன சொல்ற நீ? ராகு காலத்துலதான் கல்யாணம் நடந்துச்சு. நோட்டீஸ்லயே போட்டிருக்கு" என்றார் அத்தான். நாலு வருடச் சொற்பொழிவு அவர் முகத்தில் ஆட்டம் கண்டது.

"கடிகாரம் பார்த்தீங்களா, தோழர்?"

"நான் ஒன்னயத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். இந்த மனுஷன் கல்யாணமாகி என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதையும் சண்டைக் குரலில் சொன்னார்.

அப்பா எழுந்தார். "நாலு வருசம்" என்றார். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, "கோப்பி போடட்டுமா?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. அத்தான்தான், "போடுங்க மாமா" என்றார்.

கிளம்பும்போது அப்பா ஆணியில் மாட்டியிருந்த கைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். நோயாளிக்கு நாடி பார்க்க வைத்திருந்தது. "வலி எடுத்தா ஆள் அனுப்பு. இந்தத் தடவை நானே பக்கத்துல நின்னு நேரத்தப் பார்த்துச் சொல்றேன். ஒனக்கும் வேணும், ஒன் புருசனோட இத்தாலிக்கும் வேணும்."

ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் பிள்ளை எங்கள் ஏற்பாட்டைக் கேட்கவில்லை. ஒரு மத்தியானம், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் மழையில், வலி எடுத்துவிட்டது. மக்சிக் பக்கத்துச் சந்திலிருந்து மருத்துவச்சியை இழுத்து வந்தார். அத்தான் மழையில் சைக்கிளை மிதித்துப் போய் அப்பாவைக் கூட்டி வந்தார். கதவுக்கு வெளியே அப்பாவின் இருமல் கேட்டது. கேட்ட உடனே என் பயத்தில் பாதி இறங்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பிறகு நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. நான் ஒரு தடவை பெரிதாகக் கத்தினேன். கதவு திறந்தது. ஆம்பிளை உள்ளே வரக் கூடாது என்று மருத்துவச்சி மலாயில் அதட்டினார். அப்பா கேட்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இருக்கேன் பாப்பா, இருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை ஈரமாக இருந்தது, மழையா வியர்வையா தெரியாது.

பெண் குழந்தை. நல்ல அழுகை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் துடைத்துச் சுற்றிக் கொடுத்த பிறகு அத்தான் உள்ளே வந்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் அப்பாவிடம், "மாமா, நேரம்?" என்றார்.

அப்பா தம் கையைப் பார்த்தார். வெறும் கை. "கடிகாரத்த ஒன்கிட்ட குடுத்துட்டுத்தானே உள்ள வந்தேன்?"

அத்தான் தம் கையை விரித்தார். கடிகாரம் அங்கேதான் இருந்தது. அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே சுவரைப் பார்த்து நின்று இவர் அழுததாக மக்சிக் பின்னால் சொன்னார். ஊர் முழுக்கப் பன்னிரண்டு மணியைப் பிசகாமல் கேட்ட வருடத்தில், என் மகள் பிறந்த நேரத்தை யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது. அத்தையின் பிரசவத்தில் கடிகாரம் பார்க்காதவர். இப்போதும் பார்க்காதவர். அப்படியென்றால் என் அம்மாவின் உயிர் போய்க்கொண்டிருந்த அந்த அறையில்?

"அப்பா," என்றேன். "எனக்கு லக்னத்துல குரு உக்காந்திருக்காருன்னு சொல்வீங்களே?"

அப்பா என் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். குழந்தையின் தலையை ஒரு விரலால் தொட்டார்.

"நான்தான் உக்கார வச்சேன்" என்றார்.

அத்தான் கடிகாரத்தைத் துடைத்து அப்பாவிடம் கொடுத்தார். பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில், இவளுக்கும் குருவை அங்கேயே வைத்துவிடலாமா மாமா என்று கேட்டார்.